‘இது என் மாத்திரை இல்லை’ என்று இல்லவாசி சொன்னால்: பராமரிப்பு இல்லங்களில் மருந்து கொடுப்பது பற்றி

இல்லப் பொறுப்பாளர், குன்னூர்

வணக்கம். குன்னூருக்கு அருகே 19 பேர் தங்கியிருக்கும் ஒரு சிறிய பராமரிப்பு இல்லத்தின் அன்றாடப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. பதினொருவர் முதியவர்கள், மற்றவர்கள் அறிவுசார் குறைபாடோ வலிப்பு நோயோ உள்ள நடுவயதினர். பகலில் மூன்று பராமரிப்பாளர்களும் இரவில் ஒருவரும் வேலை பார்க்கிறார்கள். செவிலியர் வாரத்தில் இரண்டு நாள் வந்து போகிறார்.

சென்ற மாதம் ஒரு மாலையில் நடந்ததைச் சொல்லி, இங்குள்ள அனுபவசாலிகளிடம் வழி கேட்கலாம் என்று எழுதுகிறேன். இரவு உணவுக்கு முன் கொடுக்க வேண்டிய மாத்திரைகளை, எங்கள் வழக்கப்படி, பராமரிப்பாளர் சிறு எவர்சில்வர் கிண்ணங்களில் எடுத்து ஒரே தட்டில் வரிசையாக வைத்திருந்தார். கிண்ணங்களில் பெயர் ஒட்டியிருக்கும். ஒரே பெயர் கொண்ட இரண்டு அம்மாக்கள் எங்களிடம் இருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. அவசர விளக்கை ஏற்றப் போனவரை ஒரு குடும்பத்தினரின் தொலைபேசி அழைப்பு பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து கிண்ணத்தை நீட்டியபோது அந்த அம்மா, “இது என் மாத்திரை இல்லையே, என்னுது சின்னதா வெள்ளையா இருக்கும்” என்று சொல்லியிருக்கிறார். “கம்பெனி மாத்தியிருக்காங்கம்மா, போன மாசமும் இப்படித்தானே நிறம் மாறி வந்துச்சு” என்று பராமரிப்பாளர் பதில் சொன்னார். அந்த அம்மாவும் நம்பி விழுங்கிவிட்டார்.

அரை மணி நேரம் கழித்து மற்ற அம்மாவின் கிண்ணத்தைக் கையில் எடுத்தபோதுதான் அவருக்குத் தவறு தெரிந்தது. சர்க்கரை நோயே இல்லாத 76 வயது அம்மாவுக்கு, கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை போயிருக்கிறது. அவர் உடனே ஓடி வந்து என்னிடம் சொன்னார். மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். சாப்பிட வைக்கும்படியும், இந்த மாத்திரையின் வேகம் ஒரு நாள் முழுவதும் திரும்பத் திரும்பத் தலைதூக்கும் என்பதால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு வரும்படியும் சொன்னார். மூடுபனியில் வண்டி வந்து சேர்வதற்குள் சர்க்கரை 61க்கு இறங்கி, நெற்றி வியர்க்கத் தொடங்கியது. நல்ல நினைவோடு விழுங்க முடிந்ததால் குளுக்கோஸ் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். மறுநாள் மாலை வரை மருத்துவமனையில் கண்காணித்து, நலமாக அனுப்பி வைத்தார்கள்.

இப்போது நிர்வாகக் குழு அந்தப் பராமரிப்பாளரை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் “பின் என்ன செய்வது?” என்று கேட்டால் தெளிவான பதிலும் என்னிடம் இல்லை.

ஓய்வுபெற்ற செவிலியர், உதகை

அம்மா, முதலில் அவரை நீக்க வேண்டாம். அந்த இல்லவாசி இன்று நலமாக இருப்பதற்குக் காரணம், தவறு செய்தவர் அரை மணி நேரத்தில் வாய் திறந்ததுதான். அவரை அனுப்பிவிட்டால் மற்ற மூவரும் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றே ஒன்று: அடுத்த முறை கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட வேண்டும். சர்க்கரை மாத்திரையில் அந்த மௌனம் விடிவதற்குள் ஓர் உயிரைக் கொண்டுபோய்விடும். தூக்கத்தில் சர்க்கரை இறங்கியவரைப் பார்த்து ‘அசந்து தூங்குகிறார்’ என்று போர்வையை இழுத்து மூடிவிட்டு வருவோம்.

இரண்டாவது, உங்கள் எவர்சில்வர் கிண்ணங்களை இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். அட்டையிலிருந்து பிரித்த மாத்திரைக்குப் பெயர் கிடையாது. 19 பேருக்கும் மொத்தமாக எடுத்து அடுக்கிவிட்டுப் பிறகு சுற்றி வருவது நேரத்தை மிச்சப்படுத்துவது போலத் தோன்றினாலும், எடுக்கும் இடத்துக்கும் விழுங்கும் இடத்துக்கும் நடுவே எது மாறினாலும் கண்டுபிடிக்க வழியில்லாத ஓர் இருட்டை அது உண்டாக்குகிறது. ஒருவருடைய பெட்டியைத் திறந்து, அவருடைய மருந்துப் பதிவுத் தாளைப் பக்கத்தில் வைத்து, அட்டையில் உள்ள பெயரையும் அளவையும் தாளோடு ஒத்துப் பார்த்து, அவர் முன்னிலையிலேயே பிரித்துக் கொடுத்து, அவர் விழுங்கியதைப் பார்த்த பிறகு கையெழுத்திட்டு, அதன் பின்னரே அடுத்தவர் பெட்டியைத் தொட வேண்டும். கையெழுத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் பழக்கம் எத்தனையோ இடங்களில் இருக்கிறது. அதைப் பார்த்தால் கடுமையாகவே தடுங்கள்.

சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் செவிலியர் பள்ளியில் எங்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் மனப்பாடம் செய்தவரை நடுவில் தொலைபேசிக்கு அழைத்தால் ஐந்தும் காற்றில் போய்விடும். ஆகவே மருந்து கொடுக்கும் முக்கால் மணி நேரம் அவருடைய கைப்பேசி வேறொருவரிடம் இருக்கட்டும். வாசல் மணியை இன்னொருவர் பார்க்கட்டும். குடும்பத்தினருக்கும் அந்த நேரத்தில் அழைக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். மின்சாரம் போகும் ஊர் இது என்பது நமக்குத் தெரியும். எனவே மருந்து அலமாரியின் ஆணியிலேயே நெற்றியில் மாட்டும் விளக்கு ஒன்று தொங்கட்டும். வெளிச்சம் இல்லையென்றால் மருந்து பத்து நிமிடம் காத்திருக்கலாம்.

ஒரே பெயர் என்பது நம் மலையில் தீராத சிக்கல். போஜன், மாதன், லிங்கன் என்று படுகர் ஊர்களிலிருந்து வருகிறவர்களின் பெயர்கள் வார்டில் திரும்பத் திரும்ப வரும். எங்கள் பதிவேட்டில் ஒரே நாளில் மூன்று பேர் ஒரே பெயரில் இருந்ததுண்டு. பெயரோடு ஊர், தந்தை பெயர் அல்லது கணவர் பெயர், பிறந்த ஆண்டு, சமீபத்திய புகைப்படம் ஆகியவை பதிவுத் தாளின் தலைப்பிலேயே இருக்க வேண்டும். பெட்டியின் நிறமும் வேறு வேறாக இருக்கட்டும். “நீங்கதானே லட்சுமி?” என்று கேட்காதீர்கள்; காது கேளாதவரும் மறதி உள்ளவரும் தலையை ஆட்டிவிடுவார்கள். “உங்க பேர் என்னம்மா, எந்த ஊர்?” என்று கேட்டு அவர் வாயால் வர வேண்டும். சொல்ல இயலாதவருக்குப் புகைப்படம்தான் துணை.

எல்லாவற்றையும்விட, அந்த அம்மா சொன்ன சொல்லை மறக்க வேண்டாம். இருந்த காவல்கள் எல்லாம் தவறிய பின்னும் அவர் ஒருவர் காவல் நின்றார். இல்லவாசி ‘இது என்னுடையது இல்லை’ என்று சொன்ன நொடியில் கை நிற்க வேண்டும்; அட்டையையும் தாளையும் மறுபடி பார்க்காமல் எந்த விளக்கமும் சொல்லக் கூடாது. என்னிடம் ஒரே ஒரு விதி எழுதச் சொன்னால் இதைத்தான் எழுதுவேன்.

மருந்தாளுநர், கோத்தகிரி

சிஸ்டர் சொன்ன கடைசிக் கருத்தோடு என் தரப்பின் குற்றத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். ‘கம்பெனி மாற்றிவிட்டார்கள்’ என்ற பதில் அந்தப் பராமரிப்பாளர் நாவில் அவ்வளவு எளிதாக வந்ததற்குக் காரணம், அது பல மாதங்களில் உண்மையாக இருந்ததுதான். அரசு மருத்துவமனையில் கொடுப்பது ஒரு நிறம். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் வாங்குவது வேறு நிறம். எங்களைப் போன்ற கடைகளில் இருப்பு இல்லாதபோது கொடுக்கும் மாற்று இன்னொரு நிறம். உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான், விலையும் குறைகிறது. ஆனால் மாற்றிக் கொடுக்கும்போது அதைச் சொல்லி, பில்லிலும் எழுதிக் கொடுப்பது எங்கள் கடமை. இல்லத்தின் தரப்பில், புதிய அட்டை வந்த அன்றே பதிவுத் தாளில் ‘இன்று முதல் மஞ்சள் நிறம், மருந்து அதேதான்’ என்று எழுதி, இல்லவாசியிடமும் அட்டையைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். அப்படிச் செய்தால், சொல்லாமல் நிறம் மாறி வருவது எதுவாக இருந்தாலும் அது ஐயத்துக்குரியது என்ற தெளிவு இரு தரப்புக்கும் வந்துவிடும்.

பதிவுத் தாளில் வணிகப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் எழுத வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். பெயர்கள் நாக்கையும் கண்ணையும் ஏமாற்றும். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், மன அழுத்தத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின். வலிப்புக்கான குளோபசாம், குளோனசெபாம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், இதயத்துக்கான மெட்டோபிரலால் என்று என் அலமாரியில் அடுத்தடுத்து இருக்கும் இணைகள் பல. அளவை எழுதும்போது அரை மில்லிகிராமை ‘0.5’ என்று முன்னால் சுழியத்தோடு எழுதுங்கள், ‘.5’ என்றால் புள்ளி மங்கி 5 ஆகிவிடும். ஐந்தை ‘5.0’ என்று எழுதாதீர்கள்; அது 50 ஆகிவிடும். தைராய்டு மாத்திரையின் அளவு மைக்ரோகிராம், மில்லிகிராம் அல்ல. 25, 50, 100 என்று ஒரே மாதிரி டப்பாக்களில் வரும்.

காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்பதற்கான ‘1-0-1’ என்ற எழுத்து பெரும்பாலும் புரிந்துவிடுகிறது. சிக்கல் ‘தேவைப்பட்டால்’ என்ற மருந்துகளில்தான். எதற்குத் தேவைப்பட்டால், ஒரு வேளைக்கு எவ்வளவு, இரண்டு வேளைக்கு நடுவே எத்தனை மணி நேரம், ஒரு நாளைக்கு அதிகபட்சம் எவ்வளவு என்ற நான்கும் எழுதப்படாத சீட்டை மருத்துவரிடமே திருப்பிக் கொண்டுபோங்கள். பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் ஒருவர் கொடுத்திருப்பார். சளிக்கான கூட்டு மாத்திரையை இன்னொருவர் கொடுத்திருப்பார். அதற்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும். பெரியவர்களுக்கே ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. உடல் மெலிந்த முதியவர்களுக்கும் கல்லீரல் நலிந்தவர்களுக்கும் அதைவிடக் குறைவாகவே மருத்துவர் சொல்லுவார்.

இன்னும் ஒன்று, என்னைத் தூங்கவிடாத ஒன்று. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மருந்து. அதைத் தினமும் கொடுத்துவிட்டால் எலும்பு மஜ்ஜை முடங்கி இரத்த அணுக்கள் குறைந்து, உயிர் போகும் அளவுக்கு வரும். உங்கள் இல்லத்தில் யாருக்காவது அது இருந்தால், கிழமையின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, மற்ற ஆறு நாள் கட்டங்களையும் கோடிட்டு அடித்துவிடுங்கள். அந்த அட்டை தினசரி மருந்துப் பெட்டியில் இருக்கவே கூடாது.

அட்டையை வெட்டி வாங்கும்போது காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் இருக்கும் பகுதி கடையிலேயே தங்கிவிடுகிறது. முழு அட்டையாகக் கேளுங்கள். இல்லையென்றால் தேதி தெரியும்படி வெட்டச் சொல்லுங்கள். கேட்டால் செய்வோம்.

இல்ல நடத்துநர், கொடைக்கானல்

அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் பதினான்கு பேருடன் கொடைக்கானலில் வாழ்கிறோம். சிஸ்டர் சொன்ன முறையோடு ஓரளவு மாறுபடுகிறேன். எங்களில் ஒன்பது பேர் வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள். காலையில் ஒருவருக்கு ஐந்தாறு மாத்திரை. ஒவ்வொருவருக்கும் அட்டையை அவிழ்த்துப் பார்த்துக் கொடுத்தால் வேலைக்கும் பயிற்சிக்கும் போகிறவர்கள் தாமதமாகிறார்கள். நாங்கள் ஏழு நாள் கட்டங்கள் உள்ள மாத்திரை டப்பாவை ஞாயிற்றுக்கிழமை நிதானமாக, இருவர் சேர்ந்து நிரப்புகிறோம். அவசரத்தில் தினமும் எடுப்பதைவிட, அமைதியான நேரத்தில் வாரம் ஒருமுறை எடுப்பது பாதுகாப்பானது என்பது எங்கள் அனுபவம். அதோடு, டப்பாவைப் பார்த்துத் தங்கள் மாத்திரையைத் தாங்களே எடுத்துக்கொள்ள நான்கு பேர் பழகியிருக்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையில் அது சிறிய விஷயமல்ல.

இருப்பு பற்றியும் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டு, மின்சாரமும் இல்லாமல் கிடந்தோம். வலிப்பு மருந்து இரண்டு வேளை தவறினாலே சிலருக்கு அடுத்தடுத்து வலிப்பு வந்து நிற்காமல் போகலாம். அப்போதிலிருந்து ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரத்து இருப்பைத் தனியே பூட்டி வைக்கிறோம். பழையதை முதலில் எடுத்து, புதியதைப் பின்னால் வைக்கிறோம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்புக்கு மூக்கில் அடிக்கும் மிடசோலம் யாருக்கு, எத்தனை முறை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைக் கையாள எல்லாப் பணியாளர்களும் பழகியிருக்கிறார்கள்.

மருந்தாளுநர், கோத்தகிரி

கொடைக்கானல் நண்பருக்கு ஒரு சிறு எச்சரிக்கை. வலிப்புக்கான சோடியம் வால்புரோயேட் ஈரத்தை இழுக்கும் மருந்து. அட்டையிலிருந்து பிரித்து ஏழு நாள் டப்பாவில் வைத்தால், உங்கள் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூன்றாம் நாளே பிசுபிசுத்துப்போகலாம். அதை மட்டும் அட்டையோடு கத்தரித்து, ஒவ்வொரு துண்டிலும் பெயர் தெரியும்படி வையுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையையும் அதன் கண்ணாடிக் குப்பியிலிருந்து மாற்றக் கூடாது. ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் அது ஈரத்தில் சிதைந்துவிட்டது என்று பொருள்.

ஓர் இல்லவாசியின் தாய்

நான் மருத்துவம் படித்தவள் அல்லள். என் மகனுக்கு 31 வயது. முன்பு அவன் இருந்த ஓர் இல்லத்தில், மாத்திரை வேண்டாம் என்று அவன் அடம் பிடித்ததால் பொடித்துத் தயிர்சாதத்தில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். என்னிடமும் சொல்லவில்லை, அவனிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் கசப்பு தட்டுப்பட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து அவன் தயிர்சாதத்தைத் தொடவில்லை. பிறகு யார் பிசைந்து கொடுக்கும் எந்தச் சோற்றையும் தொடவில்லை. நான் ஊட்டினாலும் முதலில் மோந்து பார்த்தான். நான்கு மாதத்தில் ஒன்பது கிலோ இளைத்தான். அவன் மீண்டும் என் கையிலிருந்து சோறு வாங்கியது எந்த நாள் என்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

பாதுகாப்பு என்றால் சரியான மாத்திரை சரியான வயிற்றுக்குப் போவது மட்டும்தானா என்று கேட்க விரும்புகிறேன். மாத்திரை வேண்டாம் என்று அவன் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. புதிய இடத்தில் எங்களுக்குக் கிடைத்த மருத்துவர் அதைக் கேட்டார்: மாத்திரை பெரிதாக இருந்ததால் தொண்டையில் நின்றது, அவ்வளவுதான். இப்போது அவன் அதே மருந்தைத் திரவமாகக் குடிக்கிறான்.

ஓய்வுபெற்ற செவிலியர், உதகை

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் செய்த தவறுகளில் இதுவும் ஒன்று; நானே பாயசத்தில் கலந்து கொடுத்த நாட்கள் உண்டு, அப்போது அதை அன்பு என்றுதான் நினைத்தேன். மருந்தியல் காரணமும் இருக்கிறது. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட வால்புரோயேட், கார்பமசெபின், மெட்ஃபார்மின் மாத்திரைகளைப் பொடித்தால், பல மணி நேரத்தில் கரைய வேண்டிய மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் இரத்தத்தில் இறங்கும். குடலில் கரைவதற்காக மேல்பூச்சு பூசியதையும் பொடிக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சிகிச்சையில் முடிவெடுக்கும் திறன் உள்ளவரின் இசைவைக் கேட்டே ஆக வேண்டும் என்கிறது. திறன் குறைந்தவருக்கும் துணை செய்து அவரே முடிவெடுக்க வழி காண வேண்டும் என்கிறது. ‘இவருக்கு என்ன தெரியும்’ என்று நாமே முடிவு செய்துகொண்டு கலந்துகொடுப்பதற்கு அங்கே இடமில்லை. மறுத்தால் ‘மறுத்தார்’ என்று தாளில் எழுதி, காரணத்தையும் எழுதி, மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். வலிப்பு மருந்தோ இன்சுலினோ என்றால் அன்றே சொல்ல வேண்டும்.

இல்ல நடத்துநர், கொடைக்கானல்

வால்புரோயேட் பற்றிச் சொன்னதற்கு நன்றி. இன்று டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். இரண்டில் மாத்திரையின் மேல் பூச்சு ஒட்டிக்கொண்டு இருந்தது. இனி அட்டையோடுதான் வைப்போம். எங்களிடமும் ஒருவருக்கு வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அவருக்குத் தெரிந்தே, அவர் கேட்டுத்தான் வைக்கிறோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பணியாளர்களிடம் கேட்டபோது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நாளை அவர் எதிரிலேயே வைத்துக் காட்டிக் கேட்கப் போகிறோம்.

ஒரு நிர்வாகக் குழு உறுப்பினர்

முதல் பதிவில் வந்த குழுவைச் சேர்ந்தவன் அல்லன். வேறோர் இல்லத்தின் குழுவில் இருக்கிறேன். ஆனாலும் அவர்கள் பக்கத்தை யாரேனும் சொல்ல வேண்டும். ஒரு மூதாட்டி இறந்திருந்தால் அவர் பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன பதில் சொல்லியிருப்போம்? தவறு செய்தவர் ஒப்புக்கொண்டார் என்பதற்காக ஒன்றுமே நடக்காதது போல மறுநாளும் மருந்து அலமாரியின் சாவியை அவரிடமே கொடுப்பதா? பொறுப்பு என்று ஒன்று இருக்க வேண்டாமா?

ஓய்வுபெற்ற செவிலியர், உதகை

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். மறுநாளே சாவியைக் கொடுக்கச் சொல்லவில்லை. இரண்டு வாரம் இன்னொருவர் பக்கத்தில் நிற்க, அவர் மறுபடி பழகட்டும். தாளில் கொடுத்ததாகப் பொய்யாக எழுதுகிறவர், தூக்க மாத்திரையை எடுத்து விற்கிறவர், அடங்காதவர் என்று சொல்லி ஒருவரை மயக்கத்திலேயே வைத்திருக்கிறவர் ஆகியோரை ஒரு நாளும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இருட்டில், தொலைபேசி அழைக்க, ஒரே பெயர் ஒட்டிய இரண்டு கிண்ணங்களோடு ஒருவரை நிறுத்தியவர்கள் யார்? பிள்ளைகளுக்குப் பதில் சொல்லும்போது அதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2017இல் ‘தீங்கற்ற மருந்து’ என்ற உலகளாவிய முயற்சியைத் தொடங்கியபோதும், ஆளைத் திருத்துவதோடு வேலை நடக்கும் முறையைத் திருத்துவதைத்தான் முன்வைத்தது.

குடும்பத்தினரிடம் மறைக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றே, தெளிவாக, என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, என்ன செய்தோம் என்று சொல்லுங்கள்.

சுகாதாரப் பணியாளர், கூடலூர்

பழங்குடி ஊர்களில் வேலை செய்கிறவன் நான். இந்த இழையில் இதுவரை வராத இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் அரிவாள் அணு இரத்தசோகை உள்ளவர்கள் ஹைட்ராக்சியூரியா சாப்பிடுகிறார்கள். இந்த மருந்து சாப்பிடுகிறவருக்கு நன்மை. ஆனால் எடுத்துக் கொடுக்கிறவர் வெறுங்கையால் தொடக் கூடாது, குறிப்பாகக் கருவுற்ற பணியாளர்கள் கையாளவே கூடாது. கேப்சூலைத் திறந்து கலக்கவும் கூடாது. சாப்பிடுகிறவருக்கு மருத்துவர் சொன்ன இடைவெளியில் இரத்த அணு எண்ணிக்கை பார்த்தாக வேண்டும்.

இரண்டாவது இன்சுலின். திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. மலையில் குளிர்தானே என்று ஃபிரிட்ஜின் குளிர்ச்சியைக் கூட்டி, உறைபெட்டியை ஒட்டி வைத்து, பனிக்கட்டியாக்கிவிடுகிறார்கள். உறைந்து உருகியது பார்க்கத் தெளிவாக இருந்தாலும் வீண்தான், கீழே கொட்ட வேண்டியதுதான். நடுத்தட்டில், ஒரு வெப்பமானியோடு வையுங்கள். பயன்பாட்டில் இருக்கும் குப்பியை வெளியே வைக்கலாம். திறந்த தேதியை அதன் மேல் எழுதி, பெரும்பாலானவற்றை 28 நாளில் மாற்ற வேண்டும். அதோடு, நம் நாட்டில் குப்பிகள் ஒரு மில்லிக்கு 40 யூனிட்டாகவும் 100 யூனிட்டாகவும் இரண்டு வகையில் வருகின்றன; 40க்கு உரிய ஊசியின் மூடி சிவப்பு, 100க்கு உரியது ஆரஞ்சு. நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். இல்லத்தில் ஒரே வகையை மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது.

எங்கள் பணியாளர்களில் தமிழ், மலையாளம், கன்னடம், பணியர் மொழி பேசுகிறவர்கள் கலந்து இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே எழுத்தைப் படிப்பதில்லை. தாளில் உதிக்கும் சூரியன், உச்சிச் சூரியன், நிலா என்று வரைந்து, ‘சாப்பாட்டுக்கு முன்’ என்பதற்குக் காலித் தட்டும் ‘பின்’ என்பதற்குச் சோறு வைத்த தட்டும் வரைந்திருக்கிறோம். மருந்தின் பெயரை மட்டும் அட்டையில் உள்ள எழுத்திலேயே ஒட்டிவிடுகிறோம்.

பொது மருத்துவர், குன்னூர்

ஒரு சிறு வேண்டுகோள். மருத்துவமனையிலிருந்து இல்லவாசி திரும்பும் நாள்தான் மிகவும் ஆபத்தான நாள். பழைய சீட்டும் புதிய சீட்டும் சேர்ந்து, ஒரே மருந்து இரண்டு பெயரில் இரட்டிப்பாகப் போகும். அல்லது நிறுத்தச் சொன்னது தொடரும். அன்று இரண்டு சீட்டுகளையும் அருகருகே வைத்து வரிக்கு வரி ஒத்துப் பார்த்து, ஐயமிருந்தால் எங்களை அழைத்துக் கேட்டு, பழைய தாளை அடித்துவிட்டுப் புதிய தாள் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுப் பட்டியலையும் கொண்டு வாருங்கள். ‘எதைச் சேர்க்கலாம்’ என்று கேட்பதோடு ‘எதை நிறுத்தலாம்’ என்றும் கேளுங்கள். தூக்கத்துக்காக என்றோ ஒரு வாரத்துக்கு எழுதிய மாத்திரை மூன்று ஆண்டு ஓடிக்கொண்டிருப்பதையும், இரவில் கழிப்பறைக்கு எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிவதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆனால் நீங்களாகத் திடீரென நிறுத்திவிடவும் வேண்டாம், அதுவும் ஆபத்து.

இல்லப் பொறுப்பாளர், குன்னூர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இந்த இழையை அச்செடுத்து நிர்வாகக் குழுவின் முன் வைத்தேன். குழு உறுப்பினர் ஐயா எழுதியதையும் சேர்த்தே வைத்தேன், ஏனென்றால் எங்கள் குழுவும் அதையேதான் கேட்டது. பராமரிப்பாளர் வேலையில் தொடர்கிறார். இரண்டு வாரம் செவிலியரும் நானும் மாறி மாறி அவர் பக்கத்தில் நின்றோம். பக்கத்தில் நின்றபோதுதான், 19 பேருக்கு மருந்து கொடுக்கும் வேளையில் ஒருவர் எத்தனை முறை கூப்பிடப்படுகிறார் என்று எனக்கே தெரிந்தது. முதல் நாள் எண்ணினேன்: பதினோரு முறை. அவற்றில் நான்கு முறை கூப்பிட்டது நான்.

கிண்ணங்கள் சமையலறைக்குப் போய்விட்டன. ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி, புகைப்படம் ஒட்டிய தாள். மருந்து கொடுக்கும் நேரம் முன்பைவிடக் கால் மணி கூடியிருக்கிறது. அதற்காக இரவு உணவைக் கால் மணி தள்ளி வைத்தோம். தூக்க மாத்திரைகளைப் பணி மாறும்போது இருவர் எண்ணிக் கையெழுத்திடுகிறோம். காலாவதியானவற்றை இதுவரை பின்பக்கக் குப்பைக் குழியில் போட்டுக்கொண்டிருந்தோம். குரங்குகள் கிளறும் இடம் அது, நினைத்தால் நடுக்கமாக இருக்கிறது. இப்போது தனி டப்பாவில் பூட்டி வைத்து, மருத்துவக் கழிவோடு சேர்த்து அனுப்ப எங்களுக்கு வழக்கமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனையில் ஏற்பாடு செய்திருக்கிறோம்.

அந்த அம்மா ஒவ்வொரு மாலையும் அட்டையைக் கையில் வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்க்கிறார். அவருக்குப் படிக்க வராது. “சின்னது, வெள்ளை, நடுவுல கோடு” என்று சொல்லிவிட்டுத்தான் விழுங்குகிறார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் இப்போது தன் அட்டையைக் காட்டச் சொல்கிறார்.

ஒரு கேள்வி மட்டும் தீரவில்லை. இரவில் ஒரே ஒருவர்தான் பணியில் இருக்கிறார். பத்து மணிக்கு ஒருவருக்கு இன்சுலின் போட வேண்டும். இரண்டாவது கண்ணுக்கு எங்கே போவது?

ஓய்வுபெற்ற செவிலியர், உதகை

முதலில், அந்தப் பத்து மணி ஊசியை இருவர் இருக்கும் நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் வகை இன்சுலின் என்றால் பெரும்பாலும் வேறொரு நேரத்துக்கு மாற்றித் தருவார். அது இயலாதென்றால், ஊசியில் இழுத்த பிறகு, போடுவதற்கு முன், குப்பியையும் ஊசியின் கோட்டையும் காணொலி அழைப்பில் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். சிக்னல் கிடைக்காத இரவுகளில், பார்வையும் பேச்சும் தெளிவாக இருக்கிற இல்லவாசி ஒருவருக்கு அந்தக் கோட்டைப் படிக்கப் பழக்கலாம். ஊசி போட்டுக்கொள்கிறவரே அவராக இருந்தால் இன்னும் நல்லது. அவருக்குத் தன் யூனிட் எத்தனை என்று தெரியுமா, கேட்டீர்களா?

இல்லப் பொறுப்பாளர், குன்னூர்

இப்போதுதான் கேட்டுவிட்டு வருகிறேன் சிஸ்டர். “பதினாலு” என்றார். சரிதான். நாளை இரவு முதல் ஊசியின் கோட்டை முதலில் அவருக்குக் காட்டுவோம்.